பாறையின் முழங்கை

அந்த முதியோர் இல்லத்தில் எல்லோரும் அவளைப் பாறை என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் இருந்தது. அதைப் படிக்கும் கண் அங்கே பாதிப் பேருக்கு இல்லை, மீதிப் பேருக்கு நேரம் இல்லை. பட்டப்பெயரை வைத்தவர் சமையல்காரர். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவர் சூப் கிண்ணத்தைத் தூக்கி அவள் முகத்துக்கு நேராக விட்டெறிந்தார். கிண்ணம் நெற்றியில் பட்டுத் தெறித்துச் சுவரில் போய் மோதியது. அவள் ஓரடிகூடப் பின்னால் நகரவில்லை. புருவத்தில் ஒட்டியிருந்த காரட் துண்டை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, "உப்பு பத்தலையாம், கேட்டுக்குங்க" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தாள். "இது மனுஷியா, பாறையா?" என்றார் சமையல்காரர். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயரை அதற்குப் பிறகு யாராலும் பிய்த்தெடுக்க முடியவில்லை. அவளுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான். மறைப்பானேன்?

முதியோர் இல்லம் என்றால் வெளியில் இருப்பவர்கள் மனதில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. வெள்ளை முடி, சக்கர நாற்காலி, ஜன்னலோர வெயில், பொக்கை வாய்ச் சிரிப்பு. அந்தப் படத்தை மாட்டியவர்களை ஒரே ஒரு காலை மாடிக்கு, நினைவு தப்பியவர்கள் இருக்கும் பகுதிக்கு அனுப்பிவைக்க வேண்டும். அங்கே கடிப்பார்கள், கிள்ளுவார்கள், கொத்தாக முடியைப் பிடித்து உலுக்குவார்கள், ஊன்றுகோலால் முழங்கால் சில்லைப் பார்த்து அடிப்பார்கள். பல் செட்டைக் கழற்றி வைத்த பிறகுதான் குளிப்பாட்ட வேண்டும் என்பது அந்த மாடியின் சட்டம். சட்டத்தை மறந்தவர்களின் தோளில் தழும்பு இருக்கிறது. அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. முன்பின் தெரியாத ஒருத்தி அறைக்குள் வந்து உங்கள் சட்டைப் பொத்தானைக் கழற்றினால் நீங்கள் சும்மா இருப்பீர்களா? அவர்களுக்கு ஒவ்வொரு காலையும் முன்பின் தெரியாதவள்தான். குற்றமில்லை என்பதால் வலிக்காமல் இருந்துவிடுமா என்ன? அதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

பாறை பழைய துண்டை நீளவாக்கில் கிழித்து, முழங்கை வரை சுற்றி, அதன்மேல் யூனிஃபார்மின் முழுக்கைச் சட்டையை இழுத்துவிட்டுக்கொள்வாள். அதையும் மீறி வீட்டுக்கு வரும்போது கைகளில் நீலமும் பச்சையுமாகக் கன்றியிருக்கும். மகள் மருந்தெடுத்துத் தடவிக்கொண்டே, "வலிக்கலையாம்மா?" என்பாள்.

"எனக்கெங்கடி வலிக்குது? போடி."

வீட்டில் இருந்தது அம்மாவும் மகளும் மட்டும்தான். மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள்; தானும் கண்ணாடி போட்டவள். அப்பா என்று ஒருவர் ஒரு காலத்தில் இருந்தார். எடுத்ததற்கெல்லாம் கை நீட்டுவார். ஒருநாள் அந்தக் கை அம்மாவைத் தாண்டிச் சின்னப் பெண்ணின் முதுகு வரை நீண்டபோது, பாறை அவருடைய துணிமணியை இரண்டு பைகளில் திணித்து, பைகளையும் ஆளையும் சேர்த்து மாடிப்படியில் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினாள். சாத்தியவள் மகளைத் தூக்கி மேசை மேல் உட்கார வைத்து, "இனிமே இந்த வீட்டுல யாரும் யார் மேலயும் கை வைக்கக் கூடாது. நானும்தான், நீயும்தான்" என்றாள். அந்த வீட்டுக்கு இருந்த ஒரே சட்டம் அது. மகள் பரீட்சையில் கோட்டை விட்டபோதும், சொல்லாமல் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு வந்து நின்றபோதும் பாறை வாயால்தான் வெளுத்து வாங்கினாள். கை இடுப்பை விட்டு எழவில்லை.

மகள் சின்னப் பெண்ணாக இருந்தபோதிருந்தே, வேலையில் நடந்ததையெல்லாம் பாறை அவளுக்கு நடித்தே காட்டுவாள். நினைவு தப்பியவர்களிடம் எப்படிப் போக வேண்டும் என்பதற்கு ஒரு முறை இருந்தது. பின்னாலிருந்து தொடக் கூடாது. முன்னால் வந்து நின்று, நான் யார் என்று சொல்லி, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, இதோ பார், வெறும் கை என்று காட்ட வேண்டும். அடிக்க வரும் கையைப் பிடிக்கக் கூடாது. பிடித்தால் பயம் இரட்டிப்பாகும், மெலிந்த தோலும் கன்றிப்போகும். அந்தக் கைக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்க வேண்டும். "பிடிக்காதே, தாங்கு. இதுதான் எங்க வேதம்" என்று சொல்லி, மகளை அடிக்க வரச் சொல்லி, அவளுடைய பிஞ்சுக் குத்துகளைத் தாங்கிக் காட்டுவாள். இருவரும் சிரித்துப் புரள்வார்கள். இப்படியே வருடங்கள் ஓடின.

பிறகு கண்டக்டர் வந்து சேர்ந்தார்.

ஆயுள் முழுக்கப் பேருந்தில் நின்றே பிழைத்தவர். நினைவில் மற்றதெல்லாம் உதிர்ந்து, பேருந்து மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தோளில் இல்லாத பையைத் தட்டிக்கொண்டு, "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்று நடைபாதை முழுக்க அலைவார். சில நாள் பாறை சலவைத் துணியில் கட்டும் மஞ்சள் அட்டையை நீட்டுவாள். அவர் வாங்கிப் பார்த்து, ஓரத்தைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, சாதுவாகக் குளிக்க வருவார். சில நாள் அந்த டிக்கெட் செல்லாது. "ஓசியில வந்தவளே, இறங்குடி கீழே!" என்று கத்திக்கொண்டு முஷ்டியை மடக்கிக் குத்துவார். ஓடும் பேருந்தில் கம்பியைப் பிடித்தே உரமேறிய கை. ஒரு குத்து விலாவில் விழுந்தால் மூச்சு திரும்பி வருவதற்குள் அடுத்த குத்து வந்துவிடும்.

அவரைக் கண்டாலே மற்றவர்கள் ஒதுங்கினார்கள். "பாறை போகட்டும்" என்றார்கள். பாறையும் போனாள். அந்த மழைக்காலத்தில் ஆள் வேறு பற்றாக்குறை. வேலையை விட்டு ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டிருந்தார்கள். அவள் ஒரே நாளில் இரண்டு ஷிப்ட் வேலை பார்த்தாள். குளிப்பாட்டலில் ஒரு குத்து, உடை மாற்றலில் ஒரு கடி, சாப்பாட்டு வேளையில் முகத்தில் துப்பல். ஒருநாள் பின்பக்கமாக வந்து அவளுடைய கழுத்தில் கைபோட்டு நெரித்தே விட்டார். நெட்டையன் என்று ஒரு ஊழியன், பெயருக்கேற்ற உயரம், ஓடிவந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தான். பாறை இருமிவிட்டு, தொண்டையைத் தடவிக்கொண்டு, அடுத்த அறைக்குப் போனாள். ஆனால் அதற்குப் பிறகு முதுகுக்குப் பின்னால் ஒரு கண் திறந்துகொண்டது. மூடவே மாட்டேன் என்றது.

மேலாளருக்கும் விஷயம் எட்டியது. ஆட்கள் சோர்ந்துபோகிறார்கள் என்று யாரோ எழுதியதை எங்கோ படித்துவிட்டு, பயிற்சி கொடுக்க ஓர் அம்மாளைக் கூட்டிவந்தார். திரையில் அருவி கொட்டியது. "கண்ணை மூடிக்குங்க. மூச்சை ஆழமா இழுங்க. உங்க வலியை எல்லாம் ஒரு பலூன்ல அடைச்சு, வானத்துல விட்டுடுங்க" என்றார் அந்த அம்மாள், தேன் குரலில். நெட்டையன் கையைத் தூக்கினான். "மேடம், பலூனைக் கடிச்சுட்டாங்கன்னா?" அதற்குள் மாடியில் அழைப்புமணி அடித்தது. பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டு ஓடினார்கள். மேலாளர் மீதிப் பேரை நிற்க வைத்துப் புகைப்படம் எடுத்துக்கொண்டார். எனக்கு அந்த அம்மாள் மேல் கோபமில்லை, பாவம், அவர் யாரிடமும் அடி வாங்கியதில்லை.

உண்மையான கூட்டம் கீழே நடந்துகொண்டிருந்தது. அடித்தளத்தில், சலவை அறையில். அதை நடத்தியவர் லாண்டரி அக்கா. ஒரு காலத்தில் மாடியில் வேலை பார்த்தவர். ஒரு பாட்டையா அவருடைய சுண்டுவிரலைப் பின்பக்கமாக மடக்கி முறித்துவிட, அது கோணலாகவே கூடிக்கொண்டது, ஆளைக் கீழே அனுப்பிவிட்டார்கள். வாராவாரம் நைந்துபோன படுக்கை விரிப்புகளைக் கிழித்துத் துடைக்கும் துணியாக்குவது அக்காவின் வேலை. மதியம் பெரியவர்கள் கண்ணயரும் நேரத்தில், முடிந்தவர்கள் இறங்கிப்போய் ஆளுக்கொரு விரிப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து கிழிப்பார்கள். சலவை இயந்திரம் கடகடவென்று ஓடும்; உள்ளே பேசுவது வெளியே கேட்காது. கிழித்துக்கொண்டே, யார் அடித்தார்கள், எங்கே வலிக்கிறது என்று சொல்ல வேண்டும். அப்புறம், அந்த நேரத்தில் தன் கை என்ன கேட்டது என்று சொல்ல வேண்டும். "திருப்பி ஒண்ணு விடச் சொல்லிக் கேட்டுச்சு." "தலைகாணியை எடுக்கச் சொல்லிக் கேட்டுச்சு அக்கா, சத்தியமா." "பாவம், வயசானவங்க" என்று யாராவது ஆரம்பித்தால் அக்கா வாசலைக் காட்டுவார். புத்தி சொல்பவர்களுக்கும் அதே வாசல்தான்.

பாறை அங்கே எட்டிக்கூடப் பார்த்ததில்லை. 'கந்தல் சங்கம்' என்று பெயர் வைத்ததே அவள்தான். "எனக்கென்ன குறை? அழுவுறவங்க போய் அழுவட்டும்" என்பாள்.

ஒருநாள் மாலை அவள் வீட்டில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். காலையில் கண்டக்டர் கொடுத்த குத்தில் விலா விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. அவளைக் கேட்டால் வலியே இல்லை என்பாள். மகளுக்குக் கடையில் பொறுப்பான வேலை கொடுத்திருந்தார்கள். சந்தோஷம் தாங்காமல் செருப்பை உதறிவிட்டு, பூனை நடை நடந்து வந்து, பின்னாலிருந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

முழங்கை போனது. யார் என்று தெரிவதற்கு முன்னால், நினைப்பதற்கு முன்னால், முழு பலத்தோடு போனது. காய்ந்த குச்சி ஒடிவது போல ஒரு சத்தம். அதோடு நின்றதா? இல்லை. திரும்பிய வேகத்தில் பாறை அந்த உடம்பைச் சுவரோடு அழுத்தி, இரண்டு மணிக்கட்டுகளையும் சேர்த்து நெரித்தாள். கீழே கண்ணாடி கிடந்தது. சுவரில், சட்டையில், தரையில் எங்கு பார்த்தாலும் ரத்தம். "அம்மா, நான்தான், அம்மா" என்று அந்த உடம்பு கதறிய பிறகுதான் அது மகள் என்று அவளுடைய கைகளுக்குத் தெரிந்தது.

மருத்துவமனையில் மூக்கைச் சரிப்படுத்திக் கட்டுப்போட்டார்கள். மருத்துவர், "எப்படி ஆச்சு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பாறையைப் பார்த்தார். அந்தப் பார்வையை அவளுக்குத் தெரியும். முன்பு அவள் பக்கத்தில் கணவன் நிற்க, டாக்டர்கள் அவனைப் பார்த்த பார்வை அது.

மகள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. மூக்கு ஆறியது, ஆனால் நேராக ஆறவில்லை. கண்ணாடிக் கடையிலேயே வேலை பார்ப்பவள் எத்தனை முறை வளைத்து நிமிர்த்தியும் அவளுடைய கண்ணாடி முகத்தில் கோணலாகவே உட்கார்ந்தது. மற்றபடி பழையபடி பேசினாள், சாப்பிட்டாள். ஒரு மாலை பாறை துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தபோது, மகள் அறை வாசலிலேயே நின்றாள். சுற்றிக்கொண்டு அம்மாவின் முகத்துக்கு நேராக வந்தாள். இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள்.

"அம்மா, நான்தான். உள்ள வரேன். சீப்பு எடுக்கணும், அவ்வளவுதான்."

மகள் வேண்டுமென்று குத்திக்காட்டவில்லை, அதுதான் கொடுமை. அம்மா சொல்லிக்கொடுத்த முறை, அம்மாவிடமே தானாக வந்துவிட்டது. மாடியில் இருக்கும் கண்டக்டரிடம் எப்படிப் போக வேண்டுமோ, அப்படித்தான் இந்த வீட்டில் இனி தன்னிடம் வரவேண்டும் என்று பாறைக்குப் புரிந்தது. கணவனைப் படியில் தள்ளிய வீட்டில், அவன் விட்டுப்போன இடத்தில், தானே வந்து நின்றுகொண்டிருக்கிறாள். அன்றிரவு முழுவதும் அவள் மகளின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் காலை குளியலறையில் கண்டக்டருக்கு மஞ்சள் அட்டை செல்லவில்லை. அவளுடைய முடியைக் கொத்தாகப் பிடித்து, தலையை டைல்ஸ் பதித்த சுவரில் மோதினார். ஒருமுறை, மறுபடி ஒருமுறை. மூன்றாவதற்கு இழுத்தபோது பாறையின் வலது கை அவருடைய மணிக்கட்டைப் பிடித்தது. தாங்கவில்லை, பிடித்தது; எலும்பு உரசும் அளவுக்கு நெரித்தது. இடது கை கனமான எவர்சில்வர் சொம்பை எடுத்துத் தலைக்கு மேல் ஓங்கியது. அந்தச் சொம்பு இறங்கியிருந்தால் மண்டை பிளந்திருக்கும். அதில் சந்தேகமே இல்லை.

கண்டக்டர் இன்னொரு கையால் முகத்தை மூடிக்கொண்டார். நனைந்த உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. "டிக்கெட் இருக்கு சார், டிக்கெட் இருக்கு, அடிக்காதீங்க, எடுத்துட்டேன் சார்" என்று அழுதார். வாழ்நாள் முழுக்க டிக்கெட் கேட்டவர், அன்றைக்குப் பயணியாகிவிட்டார். சொம்பு மேலேயே நின்றது. பின்னாலிருந்து, "அக்கா, நான் நெட்டையன். வாசல்ல நிக்கறேன். உள்ள வரேன்" என்று ஒரு குரல் கேட்டது. அவன் முன்னால் வந்து, வெறும் கைகளைக் காட்டிவிட்டு, அவளுடைய கைக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கி, சொம்பை மெல்ல வாங்கிக்கொண்டான்.

கண்டக்டரின் மணிக்கட்டில் அவளுடைய நான்கு விரல்களும் பதிந்து கருத்திருந்தன. பாறை நேராகத் தலைமை நர்ஸிடம் போய், "நான்தான் பிடிச்சேன். ஓங்கவும் ஓங்கினேன்" என்றாள். நர்ஸ் அவளையும், நெற்றியில் புடைத்திருந்த வீக்கத்தையும் மாறிமாறிப் பார்த்தார். "கொஞ்ச நாள் அவர் அறைக்குப் போகாதே" என்றார். "போயி எங்கேயாவது உக்காரு."

எங்கேயாவது என்றால் எங்கே? கால்கள் படியிறங்கின. அடித்தளத்தில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. லாண்டரி அக்கா நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் கேட்காமல் ஒரு விரிப்பைத் தூக்கி அவள் மடியில் போட்டார். சமையல்காரர் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார். நெட்டையன் முன்பே வந்திருந்தான்.

பாறை கிழித்தாள். ஒரு விரிப்பு முடிந்து இன்னொன்றை எடுத்தாள். பல்லால் கடித்துக் கிழித்தாள். அந்த அறையில் யாரும் அப்படிக் கிழித்து அதுவரை பார்த்ததில்லை.

"எங்க வலிக்குது?" என்றார் அக்கா.

"எங்கயும் இல்ல."

"சரி. கை என்ன கேட்டுச்சு?"

பாறை கிழிப்பதை நிறுத்தினாள். "என் பொண்ணு மூக்கை உடைச்சுட்டேன்" என்றாள். "பின்னாடி வந்து கட்டிக்கிட்டா. கை ஒண்ணும் கேக்கல அக்கா. கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன். கேக்காமலே போயிடுச்சு."

புத்தி சொல்லக் கூடாத இடம் அது. நெட்டையன், தூக்கத்தில் குழந்தை காலைத் தொட்டதற்குத் தான் உதைத்ததைச் சொன்னான். குழந்தை கட்டிலிலிருந்து விழுந்து, இப்போது அவன் மனைவியின் அந்தப் பக்கத்தில்தான் படுக்கிறதாம். சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போகும் சமையல்காரருக்குப் பக்கத்தில் யாராவது கையைத் தூக்கினாலே தலை தானாகக் குனிந்துகொள்கிறதாம். லாண்டரி அக்கா கோணல் விரலைத் தடவிக்கொண்டே, "மாடியை விட்டு இறங்கி எவ்வளவோ காலமாச்சு. இன்னும் முடி வெட்டறவங்களைப் பின்னாடி நிக்க விடறதில்ல நான்" என்றார். இத்தனை பேருக்கும் இருக்கிறதா இது? பாறைக்கு ஆச்சரியமாக இருந்தது. தன் ஒருத்தியின் கேவலம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"உன் வாய் எப்பவும் முந்திக்கும். சண்டைன்னா உன்னை ஜெயிக்க ஆளில்ல" என்றார் அக்கா. "இதுல மட்டும் ஏன் பின்னாடி நிக்குது? கைக்கு முன்னாடி வாய் போகணும். அதைப் பழக்கிடுவோம்."

"எப்படி?"

"நீ சுவரைப் பாத்து நின்னு கிழி. நாங்க பின்னாடி வந்து தொடறோம், சொல்லாம. நீ 'யாரு?'ன்னு கேளு. கேட்டதுக்கப்புறம் அடிக்கணும்னா அடி."

"வேணாம் அக்கா. யாருக்காவது பல்லு போயிடும்."

"மேல இருக்கறவங்க கிட்ட சும்மாதானே வாங்கறோம்? உன்கிட்ட வாங்கினா குறைஞ்சா போயிடுவோம்?" என்றார் சமையல்காரர்.

அன்றைக்கு முதலில் போனவன் நெட்டையன். தோளைத் தொட்டான். முழங்கை அவன் வயிற்றில் இறங்கியது. பாதி நெட்டையனாக மடங்கித் துணிக்கூடைக்குள் உட்கார்ந்தான். "யாரு?" என்றாள் பாறை, எல்லாம் முடிந்த பிறகு. "இதுக்கு முன்னாடி வரைக்கும் நெட்டையன்" என்றது கூடை. அந்த அறையில் வெகுநாளைக்குப் பிறகு எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். பாறை மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் சமையல்காரருக்கு உதடு கிழிந்தது. அதற்கடுத்த வாரம் அவர் பெரிய அண்டாவின் மூடியை மார்பில் கயிற்றால் கட்டிக்கொண்டு வந்தார். முழங்கை பட்டு மூடி நெளிந்தது, அந்த மூடி இன்றுவரை அண்டாவில் சரியாக உட்காருவதில்லை. அக்கா தலையணையை வைத்துக்கொண்டு வந்தார், தலையணையோடு போய் இயந்திரத்தில் மோதினார். "இன்னைக்கு யாரு முறை?" என்று கேட்டுக்கொண்டே படியிறங்குவார்கள். அவளை யாரும் மன்னிப்புக் கேட்க விடவில்லை. விஷயம் கேள்விப்பட்டு, விளம்பரத்தாளில் போட வேண்டும் என்று மேலாளர் கேமராவோடு இறங்கி வந்தார். பிழியாத ஈர விரிப்பு ஒன்று அவர் முகத்தில் பொத்தென்று விழுந்தது. எறிந்தது யார் என்று யாரும் பார்க்கவில்லையாம். எனக்கும் தெரியாது.

கை அத்தனை சுலபத்தில் கேட்கவில்லை. முதலில் அடித்துவிட்டுக் கேட்டாள். பிறகு அடிக்கும்போதே கேட்டாள். ஒருநாள் "யாரு?" என்ற சொல் முந்திக்கொண்டு வந்தது, முழங்கை பாதி வழியில் தடுமாறியது, அன்று தொட்ட நெட்டையன் அடி விழாததை நம்பாமல் கண்ணை மூடியபடியே நின்றான். ஆனால் மறுவாரமே மறுபடியும் அக்காவின் தாடையில் விழுந்தது. அன்றைக்குப் பாறை தரையில் உட்கார்ந்து முழங்காலில் முகம் புதைத்து, அக்கம்பக்கம் பார்க்காமல், ஓவென்று அழுதாள். அவள் அழுததை அந்த இல்லத்தில் யாரும் அதுவரை கண்டதில்லை. அக்கா வீங்கிய தாடையோடு பக்கத்தில் உட்கார்ந்து, அவள் அழுது முடிக்கிற வரைக்கும் விரிப்பைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

மாடியில் அடி குறைந்ததா என்றால், இல்லை. கண்டக்டரின் பேருந்து நிற்கவில்லை. கந்தல் சங்கத்தார் சேர்ந்து போய்த் தலைமை நர்ஸிடம் பேசி, குளிப்பாட்ட ஒருவருக்கு இருவராகப் போகலாம் என்று வாங்கி வந்தார்கள். பாறை மறுபடி அவர் அறைக்குப் போனபோது, முன்னால் நின்று, மஞ்சள் அட்டையை நீட்டி, வெறும் கையைக் காட்டினாள். அவர் அவளுடைய தோளில் ஒன்று விட்டார். அவள் அவருடைய மணிக்கட்டைப் பார்த்தாள். கறுப்பு மறைந்திருந்தது. அடியில் உள்ளங்கையைக் கொடுத்தாள்.

வீட்டில் அவள் சங்கத்து விவரத்தையெல்லாம் மகளிடம் சொன்னாள். அண்டா மூடியை நடித்துக் காட்டியபோது மகள் சிரித்தாள். சிரிப்பில் கண்ணாடி இன்னும் கோணியது. ஆனால் சிரித்து முடித்து எழுந்தவள், அம்மாவைத் தாண்டும்போது முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டுதான் போனாள். "நீ பழையபடி வாடி" என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. பாறை கேட்கவில்லை. கேட்கிற உரிமை தனக்கு இல்லை என்று நினைத்தாள். அந்தக் கை இன்னும் நம்பக்கூடிய கை ஆகவில்லை என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்?

ஒரு மாலை அவள் தொட்டியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். குழாய் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. முந்தின நாள் மதியம் அவளை யார் தொட்டபோதும் அடி விழவில்லை என்பதை ராத்திரிச் சாப்பாட்டின்போது மகளிடம் சொல்லியிருந்தாள். வாசலில் செருப்பை உதறும் சத்தம் கேட்டதா என்றுகூட அவளுக்கு நினைவில்லை. பின்னாலிருந்து இரண்டு கைகள் கழுத்தைச் சுற்றி வந்தன.

"யாரு?" என்றாள் பாறை.

சொல்லும் முழங்கையும் ஒன்றாகத்தான் கிளம்பின. தட்டு நழுவித் தொட்டிக்குள் விழுந்து இரண்டாகப் பிளந்தது. ஆனால் முழங்கை எதிலும் மோதவில்லை. வெதுவெதுப்பான ஏதோ ஒன்றின் மேல் போய் உட்கார்ந்தது. மகள் உள்ளங்கையை அடியில் கொடுத்து வைத்திருந்தாள். பிடிக்கவில்லை. தாங்கிக்கொண்டிருந்தாள்.

"நான்தாம்மா" என்றாள். "கை மெதுவாத்தான் வந்துச்சு."

"ஏண்டி இப்படிப் பண்றே? பட்டிருந்தா?"

"படல இல்ல?"

அவள் விலகிப் போகவில்லை. இன்னொரு கையால் அம்மாவை இறுக்கிக்கொண்டு, முகத்தை முதுகில் அழுத்தினாள். கோணல் கண்ணாடியின் சட்டம் சரியாக முதுகெலும்பில் குத்தியது. குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. பாறை அசையாமல் நின்றாள்.

"வலிக்குதுடி" என்றாள்.